தறிக்குழியிலிருந்து எழும் உடலும் இரவுத் தூக்கமும்: காஞ்சிபுரம் நெசவாளரை முன்வைத்து யோக நித்திரை பற்றிய ஓர் ஆய்வு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளில் தறி நிற்கும் கூடமே இரவில் படுக்கும் இடம். பகலெல்லாம் நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. முதுகு படைமரத்தை நோக்கி வளைந்திருக்கிறது. கண் சரிகை இழையை விட்டு அகலுவதில்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கொண்ட கோர்வைச் சேலையில் ஊடையிழையைக் கொண்டு செல்லும் நாடாக்கள் மூன்று ஓடும். ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் நாடா தள்ள வேண்டும். ஓர் இழை தவறினாலும் சேலையில் தெரிந்துவிடும். இப்படி நாள் முழுதும் விறைப்பாக இருந்த உடல், பாயில் சாய்ந்த உடனே தளர்ந்துவிடாது. ஒருவர் குரல் கொடுத்து நடத்தும் யோகத் தளர்வுப் பயிற்சியான யோக நித்திரை இங்கே உதவும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் அது நெசவாளரின் உடலுக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாற்றி அமைக்கப்பட வேண்டும்.

திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் அறிதுயிலில், அதாவது யோக நித்திரையில், கிடக்கும் ஊர் இது. பெரும்பாணாற்றுப்படையே அந்தக் கிடந்த கோலத்தைப் பேசுகிறது. ஆயினும் இன்று யோக நித்திரை என்று கற்பிக்கப்படும் பயிற்சி அவ்வளவு பழமையானதன்று. சவாசனம் ஹடயோகப் பிரதீபிகையில் உண்டு. உறுப்பு உறுப்பாக மனத்தைச் செலுத்தும் முறையை, பிகாரின் முங்கேரில் இருந்த சுவாமி சத்யானந்த சரஸ்வதி, மந்திரம் சொல்லி உறுப்புகளைத் தொடும் தாந்திரிக நியாசத்திலிருந்து எடுத்துச் சீரமைத்தார். அவருடைய நூல் 1976-இல் வந்தது. பூசைக்கு முன் அங்கநியாசமும் கரநியாசமும் செய்யும் காஞ்சி அர்ச்சகர்களுக்கு இதன் வேர் புதிதல்ல. சத்யானந்தரின் நூலுக்கு முன்பே, 1929-இல், அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் தசைகளை இறுக்கித் தளர்த்தும் தம் முறையை நூலாக வெளியிட்டிருந்தார். இந்த வரலாற்றை மறைத்துப் பழமைப் பெருமை பேசுவது பயிற்சிக்கு வலுச் சேர்க்காது. அது பலன் தருகிறதா என்பதுதான் கேள்வி.

சான்றுகள் சிறியவை, ஆனால் நம்பிக்கை தருபவை. மஞ்சுநாத், ஷெர்லி டெல்லஸ் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த 69 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆறு மாதங்களில் யோகக் குழுவினர் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூங்கினர். சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினர். ஆனால் அங்கே ஆசனம், மூச்சுப் பயிற்சி, தளர்வு, விரிவுரை எல்லாம் சேர்ந்தே இருந்தன. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. கணக்கும் முதியோர் தாமே சொன்னது. யோக நித்திரையை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தவர்கள் கருணா தத்தா குழுவினர். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 41 பேரிடம், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு அவர்கள் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில் யோக நித்திரைக் குழுவினரின் தூக்கம் மேம்பட்டது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வழியாகப் பரிந்துரைத்தது. அதை முறையாக அளிக்கப் பயின்ற உளவியலாளர் நம் சிற்றூர்களில் அரிது. யோக நித்திரைக்கு இங்கே மதிப்புக் கூடுவதற்கு அதுவே காரணம்.

எப்படி வேலை செய்கிறது? தூக்கம் வராதவர் தூங்க முயல்கிறார். அந்த முயற்சியே விழிப்பைக் கூட்டுகிறது. யோக நித்திரையோ, தூங்காதே, குரலை மட்டும் பின்தொடர் என்கிறது. வலக்கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று கவனம் நகர்கிறது. பிறகு மூச்சைத் தலைகீழாக எண்ணுவது, கனம், இலேசு, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றை மாறி மாறி உணர்வது. வாங்கிய முன்பணமும் மழையில் குழிக்குள் ஊறும் நீரும் நினைவில் ஓட அங்கே இடம் குறைகிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பும் தணிகிறது.

இனி, நெசவாளருக்கான மாற்றங்கள். பகலெல்லாம் வளைந்திருந்த முதுகுடன் மல்லாந்து நீட்டிப் படுத்தால் பலருக்கு இடுப்பு வலிக்கும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வையை வைத்தால் இடுப்பு தரையில் படியும். அதுவும் போதாதவர் ஒருக்களித்துப் படுக்கலாம். வலிக்கும் இடத்தில் குரல் நெடுநேரம் நிற்கக் கூடாது. முதல் வாரங்களில் பயிற்சியைப் படுக்கும் நேரத்தில் வைப்பதைவிடத் தறியை விட்டு எழுந்ததும் வைப்பது மேல். இரவில் அதே கூடத்தில் தொலைக்காட்சி ஓடும், பிள்ளைகள் படிப்பார்கள். மாலையில் உடலுக்குப் பழகிய வழியை இரவில் குரலில்லாமலே தொடரலாம். கரை நாடா தள்ளும் துணையாளையும் (பெரும்பாலும் மனைவி) சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் அதே முதுகுவலிதான். அதற்குப் பிறகு சமையலும் காத்திருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை, பகலில் அடக்க முடியாத உறக்கம், நெடுநாள் மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருத்துவர் வேண்டும். தளர்வுப் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்றாகாது. கூலி குறைவால் வரும் கவலையையும் அது போக்காது. தூங்காத நெசவாளரிடம் மனத்தை அடக்கு என்று மட்டும் சொல்வது அநீதி.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். முதுகைப் பார்க்கும் அவரே இருபது நிமிடத் தளர்வையும் கற்பிக்கலாம். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இயன்முறைப் பயிற்சி மட்டும், மற்றதற்கு அதோடு யோக நித்திரையும் அளித்து, படுத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் விழித்தது, காலை வலி ஆகியவற்றைக் குறித்து வரச் சொல்லலாம். தறி ஓடும் நாளையும் பாவு தீர்ந்து தறி நிற்கும் நாளையும் அந்த ஏட்டில் தனித்தனியே பதிய வேண்டும். அப்போதுதான் உழைப்பின் விறைப்பும் வேலையில்லாத கவலையும் தூக்கத்தை எந்த அளவுக்குத் தனித்தனியே கெடுக்கின்றன என்பது பிடிபடும்.