ஒளிப்படப் பதிப்புரிமையும் பயன்பாட்டு உரிமமும்: வடசென்னை வழியே

ஒளிப்படத்தை எடுத்தவர் ஒருவர், அதற்கு உரியவர் வேறொருவர் என்பது இந்தியச் சட்டத்தில் தொடக்கம் முதலே இருந்துவரும் நிலை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததற்குப் படங்கள் உண்டு. அதே ஆண்டு வந்த பதிப்புரிமைச் சட்டம் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. அதன்படி நெகட்டிவ் யாருடையதோ அவரே ஆசிரியர்; உரிமை 50 ஆண்டு. ஸ்டுடியோ முதலாளியின் தகட்டில் படம் பிடித்த ஊழியருக்கு அதில் பங்கில்லை.

1957ஆம் ஆண்டுச் சட்டம், படம் எடுப்பவரே ஆசிரியர் என்றது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கொடுத்ததில் பாதியை 17ஆம் பிரிவு திரும்ப வாங்கிக்கொண்டது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை என்று வளர்ந்த வட்டாரத்தில் இதன் விளைவு பெரிது. ஆண்டறிக்கைக்கென எடுத்த படம், எதுவும் எழுதிவைக்காவிட்டால், விளம்பரப் பலகைக்கும் நாட்காட்டிக்கும் போகலாம். எடுத்தவர் கேட்க முடியாது. காசு கொடுத்தவருக்குத்தானே பொருள் என்பார்கள். அப்படியானால் அதே ஆலையின் வரலாற்றை, அங்கே ஊழியராக இல்லாத எழுத்தாளர் பணம் பெற்று எழுதும்போது உரிமை ஏன் அவரிடமே தங்குகிறது? எழுத்துக்கு ஒரு நியாயம், கேமராவுக்கு ஒரு நியாயம் என்பதற்குத் தகுந்த காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பத்திரிகை ஊழியர் எடுத்த படத்தில்கூட முதலாளிக்குப் பத்திரிகை வெளியீட்டு உரிமை மட்டுமே. நூல், கண்காட்சி உரிமைகள் எடுத்தவருடையவை. அதையும் பணி நியமனக் கடிதத்தின் ஒரு வரி பறித்துவிட முடியும்.

ஆகவே ஒளிப்படக்காரருக்கு உண்மையான பாதுகாப்பு எழுத்துமூல உரிமம்தான். எந்தப் பயன்பாடு, எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று அதில் குறிக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே கொள்கிறது. அவசரத்தில் யார் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்ற மறுப்பு நியாயமானதே. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து, கரையில் ஆட்கள் வாளியால் அள்ளிய நாட்களில் படங்கள் மணிக்கணக்கில் பறந்தன. ஆனால் நடப்புச் செய்தி வெளியிட நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது. அடுத்த ஆண்டு விளம்பரத்துக்கு அது செல்லாது. மேலும் 2012 திருத்தம், உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை வைத்துக்கொண்டு, கையொப்பம் என்ற தேவையை நீக்கியது. மின்னஞ்சல் ஒன்றே போதும் என்று வாதிட இப்போது இடமுண்டு. அதே திருத்தம்தான், வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு என்ற கணக்கைக் கைவிட்டு, எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் என மற்றக் கலைப்படைப்புகளுக்கு ஒளிப்படத்தைச் சமமாக்கியது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்தபோது, வலையில் ஒட்டிய கறுப்பைத் தன் கைபேசியில் எடுத்த மீனவர் எவரும், பதிவு ஏதுமின்றியே, அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். பிறர் எடுத்த படத்தில் இருப்பவராக மட்டும் அவர் இருந்தால் பதிப்புரிமை இல்லை. அங்கே துணைக்கு வருவது 1994இல் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சம்மதமின்றி ஒருவரின் உருவத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவது. ஆகவே ஒளிப்படக்காரர் தரும் உரிமத்துக்கு மேல், படத்தில் உள்ள தொழிலாளியின் சம்மதத்தையும் நிறுவனம் தனியே எழுதி வாங்க வேண்டும்.