பட்டாளத்துப் பள்ளிக்கூடமும் கோணிச் சாக்கும்

பாபாசாகேப் எப்படிப் படித்தார் என்று வாசிப்பு வட்டங்களில் கேட்டால், பரோடா மன்னர் உதவித்தொகை கொடுத்தார் என்று உடனே பதில் வரும். தவறில்லை. ஆனால் மாதம் 25 ரூபாய் என்ற அந்த உதவி, அவர் கல்லூரியில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் கிடைத்தது. அதுவரை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய அப்பா ராம்ஜி சக்பால். அந்த அப்பாவைப் படிக்க வைத்தது எது? பட்டாளம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாக இருந்தது, ஆண் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெண் குழந்தைகளுக்கும். இதைப் பலரும் அறியவில்லை என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ரெஜிமெண்டோடு பள்ளிக்கூடமும் இருந்தது. அங்கே பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயாரிக்கப் புனேயில் ஒரு பயிற்சிப் பள்ளியும் இருந்தது. ராம்ஜி அதில் பயின்று ஆசிரியரானார். சுமார் 14 ஆண்டுகள் ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக வேலை பார்த்து சுபேதார் பதவி வரை உயர்ந்தார். ஊரில் தெருவுக்குள் நுழையக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் பள்ளிக்கூடத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எந்தச் சாதிச் சிப்பாயின் பிள்ளையாக இருந்தாலும் அவரிடம்தான் பாடம் கேட்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டாளத்துக்கு வெளியே நிலைமை என்ன? 1856இல் தார்வாடில் ஒரு மகர் சிறுவன், அரசுப் பள்ளியில் தன்னைச் சேர்க்கவில்லை என்று மனுக் கொடுத்தான். பம்பாய் அரசாங்கம் அவனுக்குக் கதவைத் திறக்க மறுத்துவிட்டது. ஒருவனுக்காக மற்ற எல்லோரையும் பகைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் நியாயம். அதே ஆங்கிலேயரின் ஆட்சியில், பட்டாள முகாமின் வேலிக்குள் மகர் குழந்தை கட்டாயம் படிக்க வேண்டும். வேலிக்கு வெளியே, விரும்பினாலும் படிக்க முடியாது.

ஆகவே இதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். உத்தரவைப் படிக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்த ஆட்கள் படைக்குத் தேவைப்பட்டார்கள். பள்ளிக்கூடம் வேலையோடு சேர்ந்து வந்த ஒன்று. வேலை போனால் அதுவும் போய்விடும்.

போயும்விட்டது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், சில இனங்கள்தான் போர்க்குணம் கொண்டவை என்று உறுதியாக நம்பியவர். அந்தக் கொள்கைப்படி 1892ஐ ஒட்டி மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. (முன்னதாக மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்ததும் இவர்தான். தென்னிந்தியச் சிப்பாய்களைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. மதராஸ் ரெஜிமெண்டுகளும் குறைக்கப்பட்டன. பறையர்கள் கணிசமாக இருந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் பிரிவு நிலைத்தது. நம் ஊர்களில் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று அழைக்கப்படும் வீடுகளில் அந்தக் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.)

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பீம்ராவ் பிறந்தது இந்தக் கதவு மூடப்படும் நேரத்தில். சில ஆண்டுகளில் ராம்ஜி ஓய்வு பெற்று, குடும்பத்தோடு கொங்கணத்தில் உள்ள தபோலிக்கு வந்தார். ஓய்வுபெற்ற மகர் சிப்பாய்கள் பலர் அங்கே குடியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, மனுப் போடத் தெரிந்த மனிதர்கள். தங்கள் பிள்ளைகளை நகராட்சிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று போராடினார்கள். இப்படிப் போராடி இடம் கிடைத்த பள்ளிகளிலும் பிள்ளைகள் உட்கார்ந்தது பெரும்பாலும் வராந்தாவில்தான்.

பிறகு சதாரா. ராணுவப் பள்ளித் தலைமை ஆசிரியரின் மகன் வீட்டிலிருந்து ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுபோய், வகுப்பின் மூலையில் விரித்து உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சாக்கைப் பள்ளி வேலையாள் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கே எடுத்துவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. அப்பாவுக்குப் பட்டாளம் கொடுத்த நாற்காலிக்கும் மகனுக்கு ஊர் கொடுத்த சாக்குக்கும் இடையில் ஒரே ஒரு தலைமுறைதான்.

ஆனாலும் ராம்ஜி விடவில்லை. பட்டாளத்தில் கற்ற ஆங்கிலத்தையும் கணக்கையும் மகனுக்குத் தானே சொல்லிக் கொடுத்தார். பம்பாயில் குடியேறிய பிறகு மகன் கேட்ட புத்தகங்களை வாங்கக் கையில் காசில்லாத நாட்களில், மணமான மகள்களிடம் போய் நின்றார். அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கியிருக்கிறார். பரோடா மன்னரைச் சொல்லும் நாம் அந்த அக்காக்களைச் சொல்வதே இல்லை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டதால் பீம்ராவ் பாரசீகம் படித்தார். 1907இல் மெட்ரிக் தேறினார்.

ராம்ஜி தனி ஆள் அல்ல. பட்டாளத்தில் எழுத்தறிந்த அந்தத் தலைமுறையிலிருந்துதான் மராட்டிய தலித் அரசியலின் முதல் குரல்கள் வந்தன. 1886இல் ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர், 1888இல் தீண்டாமையைக் கேள்வி கேட்டுப் புத்தகம் வெளியிட்டார். ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டதை எதிர்த்து 1894இல் மனு எழுதினார். சிவராம் ஜன்பா காம்ப்ளே அந்தக் கோரிக்கையை 1910இல் லண்டனில் இருந்த இந்தியச் செயலர் வரை கொண்டுபோனார். அந்த மனுக்களில் கேட்டது வேலை. ஆனால் வேலையோடு சேர்ந்து பள்ளிக்கூடமும் வரும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள். ஜனவரி 1 அன்று பீமா கோரேகான் தூணுக்குப் போகும் நம் தோழர்கள் துப்பாக்கியை நினைக்கிறார்கள், சிலேட்டை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு.

முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும், 1921இல் கலைத்தார்கள். அடுத்த போருக்கு, 1941 அக்டோபரில், பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் தொடங்கியது. அதற்காக வாதாடியவர்களில் அம்பேத்கரும் ஒருவர்.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானதும் அவர் இன்னொன்றையும் கேட்டார்: பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அப்பா சிப்பாயா, கூலியா என்ற கேள்வியே அதில் இல்லை. ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1944இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அங்கேதான் தொடங்கியது.