பட்டாவில் எஞ்சிய பெயர்

பதினேழாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தம் முன்னோரைத் தேடிச் செல்பவருக்குக் கடிதங்களோ நாட்குறிப்புகளோ கிடைப்பது அரிது. எஞ்சியிருப்பவை நிலப் பட்டாக்களும் ஊர் நீதிமன்றக் குறிப்பேடுகளும்தாம். அவை எவரையும் நினைவுகூர்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. வரி, கடன், எல்லைத் தகராறு ஆகியவற்றின் பொருட்டு எழுதப்பட்டவை. ஆயினும் எழுதப் படிக்க அறியாத மனிதரின் வாழ்வும் அவற்றில் சிக்கிக்கொள்கிறது. விர்ஜீனியாவின் ஆண்டனி ஜான்சன் என்னும் ஆப்பிரிக்கரின் கதை அவ்வாறு கிடைத்த ஒன்று.

1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், பென்னெட் என்பவரின் புகையிலைத் தோட்டத்தில் 'அந்தோனியோ, ஒரு நீக்ரோ' என்றொரு பதிவு உண்டு. 1621இல் 'ஜேம்ஸ்' என்னும் கப்பலில் வந்தவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 1622 மார்ச்சில் பூர்வகுடிகள் தொடுத்த தாக்குதலில் அத்தோட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பிய சிலருள் இவரும் ஒருவர். அதே கணக்கில், 1622இல் வேறொரு கப்பலில் வந்த மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணின் பெயரும் காணப்படுகிறது.

அடுத்து நாம் காண்பது 1651ஆம் ஆண்டுப் பட்டா. செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், நார்த்தாம்ப்டன் கவுண்டியில், ஆண்டனி ஜான்சன் என்பவருக்கு 250 ஏக்கர் வழங்கப்படுகிறது. கடல் கடந்து ஓர் ஆளைக் கொண்டுவரச் செலவிட்டவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது அக்காலத்து விதி. ஆகவே 250 ஏக்கர் என்றால் ஐந்து தலைகள். அத்தகைய உரிமைகளை விலைக்கு வாங்கவும் முடிந்ததால், பட்டாவிலுள்ள பெயர்களைக் கொண்டு யார் யாரை அழைத்துவந்தார் என்று முடிவுகட்டிவிட இயலாது.

சரி, 1625இன் அந்தோனியோவும் 1651இன் ஆண்டனி ஜான்சனும் ஒருவரே என்று எவ்வாறு சொல்வது? இங்கே நமக்குத் துணை வருவது ஒரு துயரச் சம்பவம். 1653இல் ஜான்சன் குடும்பம் தீ விபத்தில் பெரும் இழப்புக்கு ஆளாயிற்று. வரிவிலக்குக் கோரிய அவர்களது முறையீட்டை ஏற்று, அவருடைய மனைவிக்கும் இரு மகள்களுக்கும் வாழ்நாள் முழுவதும் வரிவிலக்கு அளித்தது நீதிமன்றம். கணவனும் மனைவியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விர்ஜீனியாவில் குடியிருப்பவர்கள் என்று அந்த ஆணை கூறுகிறது. மனைவியின் பெயர் மேரி. 1653இலிருந்து முப்பதைக் கழித்துப் பார்த்தால், அந்த இரு கப்பல்களின் காலத்துக்கே வந்து நிற்கிறோம். தீ பற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கண்ணி கிடைத்திராது.

ஆவணங்கள் நமக்கு உவப்பானதை மட்டும் சொல்வதில்லை. ஜான் கேசர் என்ற ஆப்பிரிக்கர், தாம் ஒப்பந்தக் காலம் முடிந்த பணியாளரே என்று கூறி ஜான்சனிடமிருந்து விலகி, ராபர்ட் பார்க்கர் என்ற வெள்ளையரிடம் சென்றார். ஜான்சன் வழக்குத் தொடுத்தார். 1655 மார்ச்சில் கேசர் ஜான்சனிடமே திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. (அன்றைய ஆங்கிலேய ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால் குறிப்பேட்டின் கணக்கில் அது 1654, தேடுவோர் பலர் வழுக்கும் இடம் இது.) அடிமைத்தளையிலிருந்து மீண்டவர் இன்னொருவரைத் தளையில் வைத்திருக்க அதே நீதிமன்றத்தை நாடினார். முன்னோரைத் தேடுபவர் இதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1660களின் நடுவில் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. அங்கே 300 ஏக்கர் குத்தகை நிலம். 'டோனியின் திராட்சைத் தோட்டம்' என்று அதற்குப் பெயர். 1670இல் ஜான்சன் காலமானார். அதே ஆண்டு விர்ஜீனியாவில் ஒரு ஜூரி கூடி, அங்கே அவர் விட்டுவந்த நிலம் அரசைச் சேரும் என்று முடிவு செய்தது. காரணம், அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர். அரை நூற்றாண்டாக அம்மண்ணில் வரி செலுத்தி, வழக்காடி, அரசிடமிருந்தே பட்டா பெற்றவர் இறந்தபின் அந்நியரானார். மகன் ரிச்சர்டுக்கு அவர் அளித்திருந்த 50 ஏக்கரும் அதனால் குடும்பத்தின் கைவிட்டுப் போயிற்று.

டி.எச். ப்ரீன், ஸ்டீபன் இன்னெஸ் ஆகிய வரலாற்றாசிரியர்கள் 1980இல் வெளியிட்ட நூல் இக்குடும்பத்தைப் பரவலாக அறியச் செய்தது. நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது, நூல் முடிந்த பிறகும் விலகாத ஒரு சிறு பதிவு. 1677இல், ஆண்டனியின் பெயரன் ஜான் ஜான்சன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்குகிறார். நிலத்துக்குப் பெயர் சூட்டுவது அங்கே வழக்கம். அவர் சூட்டிய பெயர் 'அங்கோலா'.

பாட்டனாரை நீக்ரோ என்றும் அந்நியர் என்றும் குறித்தவை பிறர் கைகள். இந்த ஒரு சொல் மட்டும் அக்குடும்பம் தானே தேர்ந்தெடுத்துச் சொன்னது. பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்பதைப் பெயரன் மறக்கவில்லை என்றே நாம் இதைப் படிக்கிறோம். பின்னர் சில பத்தாண்டுகளில் குடும்பம் ஆவணங்களிலிருந்தே மறைந்துவிடுகிறது. நிலம் இருந்தவரை பெயர் இருந்தது.