இலங்கையில் உளநோயும் சமூக இழுக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

உளநோயாளரைச் சமூகம் அஞ்சி விலக்குவதற்கு அறியாமையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். இக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், அவ்வச்சம் அறியாமையால் மாத்திரம் விளைந்ததன்று. நோயாளரைப் பேணவென எழுந்த சட்டங்களும் நிறுவனங்களுமே அதற்கு உருக்கொடுத்தன என்பதை இலங்கையின் வரலாறு புலப்படுத்துகின்றது.

உளநோயாளருக்கெனத் தனியான காப்பகம் 1847இல் பொரளையில் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் அவர்கள் ஹெந்தளையிலிருந்த தொழுநோயாளர் இல்லத்திற்கும் அனுப்பப்பட்டனர். சமூகம் ஒதுக்கிய இரு நோய்களும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. இடநெருக்கடி காரணமாக 1884இல் கறுவாத்தோட்டப் பகுதியிலும், 1920களில் அங்கொடையிலும் புதிய கட்டடங்கள் எழுந்தன.

1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வொதுக்கலுக்குச் சட்டவடிவம் அளித்தது. ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என்பதை மாவட்ட நீதிமன்றமே விசாரித்துத் தீர்மானித்தது. பிணியுற்றவர் வைத்தியரை நாடிச் செல்லவில்லை. பொலிசாராலும் நீதிமன்றத்தாலும் அனுப்பப்பட்டார். குற்றவாளி செல்லும் வழியிலேயே நோயாளியும் செல்வதைக் கண்ட அயலார், நோயைக் குற்றத்தோடு இணைத்து எண்ணியதில் வியப்பில்லை. மேலும், சென்றவருட் பலர் மீண்டு வரவில்லை. இதனால், தம்மவரை வீட்டில் மறைத்துவைப்பதே குடும்பத்தின் மானத்தைக் காக்கும் வழியாகப் பலருக்குத் தோன்றியது.

1937இல் இலங்கைக்கு வந்த ஆங்கில உளமருத்துவர் எட்வேட் மப்போதர் அங்கொடையின் நெரிசலைக் கடிந்துரைத்ததோடு, வைத்தியர்களுக்கு உளமருத்துவப் பயிற்சியும் வெளிநோயாளர் சிகிச்சையும் வேண்டுமென விதந்துரைத்தார். 1956ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நோயாளர் தாமாகவே விரும்பி அனுமதிபெற வழிசெய்தது. நோயாளி ஒருவர் தம் நலத்தைத் தாமே தீர்மானிக்கலாம் எனச் சட்டம் ஏற்றுக்கொண்டமை சிறு மாற்றமன்று. 2008இல் அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகமாகத் தரமுயர்த்தப்பட்டது.

எனினும், 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாக இன்றும் நாவில் வழங்குகின்றது. பெயர்ப்பலகையை ஓராண்டில் மாற்றலாம். ஒரு நூற்றாண்டு கற்பித்த பாடத்தை அவ்வாறு அழித்தல் இயலாது. நோயின் அறிகுறிகளை மக்களுக்கு விளக்குதல் வேண்டும். ஆனால், அவ்வறிவு பயன்தர வேண்டுமாயின், காய்ச்சலுற்றவன் அச்சமின்றிச் செல்லும் அதே வைத்தியசாலையின் வாயில் உளநோயாளருக்கும் திறந்திருத்தல் வேண்டும். சென்றவர் நலம்பெற்று மீள்வதை ஊரார் கண்ணாற் காணும்போதே பழைய பாடம் மறக்கப்படும்.