சமத்துவத்தின் அளவுகோல்: பிரின்ஸ் எட்வேட் கவுண்டியின் உயர்நிலைப் பாடசாலைகள்

ஒரு பிரதேசத்தின் பாடசாலைகளை ஒப்புநோக்க முனைவோர் கட்டடம், தளபாடம், ஆசிரியர் தொகை, பாடவிதானம் என்பவற்றையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். எண்ணியும் அளந்தும் காட்டத்தக்கவை இவையே ஆதலின் இது இயல்பானதே. ஆயின், இவ்வளவுகோல் எதனை வெளிப்படுத்தும், எதனை மறைத்துவிடும் என்பது ஆராய்தற்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள பிரின்ஸ் எட்வேட் கவுண்டியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

கவுண்டி என்பது மாநிலத்தின் கீழமைந்த உள்ளூர் ஆட்சிப் பிரிவாகும். பிரின்ஸ் எட்வேட் கவுண்டி, 1950 அளவில் ஏறத்தாழ 15,000 மக்களைக் கொண்டிருந்த, புகையிலைச் செய்கைக்குப் பெயர்பெற்ற கிராமியப் பிரதேசம். ஃபாம்வில் அதன் தலைமை நகர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பாடசாலையில் கற்றலாகாது என 1902ஆம் ஆண்டின் வேர்ஜீனிய அரசியலமைப்பு விதித்திருந்தது. பிரித்துவைத்தாலும் வசதிகள் சமமாயின் அது சட்டத்துக்கு முரணாகாது என்னும் கோட்பாட்டை, ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1896இலேயே ஏற்றிருந்தது. எனவே பாடசாலைகளை ஒப்பிடுதல் அங்கு கல்வியாளரின் ஆய்வுப்பொருளாக மட்டுமன்றிச் சட்டத்தின் அடித்தளமாகவும் அமைந்தது.

கவுண்டியில் மூன்று உயர்நிலைப் பாடசாலைகள் இருந்தன. ஃபாம்வில், வோர்ஷம் ஆகிய இரண்டும் வெள்ளையருக்குரியவை. றொபேட் றஸ்ஸா மோட்டன் பாடசாலை கறுப்பினத்தவருக்குரியது. இக்கவுண்டியில் வளர்ந்து, டஸ்கீகீக் கல்லூரியின் இரண்டாவது அதிபராக உயர்ந்த கறுப்பினக் கல்விமானின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. 1939இல் 180 மாணவருக்கெனக் கட்டப்பட்ட அக்கட்டடத்தில் 1951 அளவில் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். நெருக்கடியைத் தீர்க்க நிரந்தரக் கட்டடம் எழுப்பப்படவில்லை. மரச்சட்டங்களில் தார் பூசிய கடதாசி போர்த்திய கொட்டில்களே அமைக்கப்பட்டன. மழைக்காலத்தில் அவற்றின் கூரை ஒழுகியது. குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்தவர் வெப்பத்தாலும் தொலைவில் இருந்தவர் குளிராலும் வருந்தினர். ஃபாம்வில் பாடசாலையில் உடற்பயிற்சிக்கூடமும் சிற்றுண்டிச்சாலையும் இருந்தன. மோட்டனில் அவை இல்லை. பௌதிகவியல், உலக வரலாறு, இலத்தீன், உயர்நிலைத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும், மரவேலை, உலோகவேலை, வரைதல் ஆகியன வெள்ளையர் பாடசாலைகளில் கற்பிக்கப்பட்டன; மோட்டனில் கற்பிக்கப்படவில்லை. கட்டடத்தின் குறை உடலை வருத்தியதென்றால், பாடவிதானத்தின் குறை எதிர்காலத்தையே சுருக்கியது எனலாம்.

1951 ஏப்ரல் 23ஆம் திகதி, பாபரா ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவியின் தலைமையில் மோட்டன் மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். அவர்களின் முதற் கோரிக்கை புதிய கட்டடமே. வெள்ளையர் பாடசாலைக்கு நிகரான பாடசாலையையே அவர்கள் வேண்டினர். ஆனால், அவர்களின் அழைப்பையேற்று வந்த சட்டத்தரணிகளான ஒலிவர் ஹில்லும் ஸ்பொட்ஸ்வூட் றொபின்சனும், பிரித்துவைக்கும் முறையையே எதிர்ப்பதாயின் வழக்காட இசைவதாகக் கூறினர். மாணவரும் பெற்றோரும் உடன்பட்டனர். மே 23ஆம் திகதி 117 மாணவர் சார்பில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது.

1952 மார்ச்சில் வழங்கப்பட்ட தீர்ப்பு ஊன்றி நோக்கத்தக்கது. கட்டடம், பாடவிதானம், போக்குவரத்து ஆகியவற்றில் மோட்டன் தாழ்ந்துள்ளதென நீதிபதிகள் மூவரும் ஏற்றனர்; குறைகளை நீக்குமாறும் பணித்தனர். ஆயினும் பிரித்துவைத்தலால் எவ்வினத்துக்கும் தீங்கில்லை எனக் கூறி அம்முறையை நிலைநிறுத்தினர். 1953இல் எட்டு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவில் புதிய மோட்டன் பாடசாலை திறக்கப்பட்டது. கட்டடமே பிரச்சினையாயின் வரலாறு இவ்விடத்தில் முற்றுப்பெற்றிருக்க வேண்டும்.

அவ்வாறு நிகழவில்லை. மேன்முறையீடு செய்யப்பட்ட இவ்வழக்கு, பிறவிடத்து வழக்குகளுடன் இணைத்து விசாரிக்கப்பட்டது. 1954 மே 17ஆம் திகதி, கட்டடம் முதலியன சமமாயினும் பிரித்துவைக்கப்பட்ட கல்வி சமமாகாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனை நடைமுறைப்படுத்த நேர்ந்த 1959இல், கவுண்டி நிருவாக சபை பாடசாலைகளுக்கான வரியை விதிக்க மறுத்தது. பொதுப்பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வெள்ளையரின் பிள்ளைகளுக்குத் தனியார் கல்விநிலையம் உருவாயிற்று; அரச உதவிப்பணமும் வரிச்சலுகையும் பின்னர் அதற்குத் துணைநின்றன. கறுப்பினப் பிள்ளைகளிற் சிலர் வெளியூர் உறவினரிடம் அனுப்பப்பட்டனர். பெரும்பாலானோர் முறையான கல்வியை இழந்தனர். 1963இல் நன்கொடைகளைக் கொண்டு இலவசப் பாடசாலைகள் இயங்கத் தொடங்கும்வரை நான்கு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1959இல் முதலாம் வகுப்பிற் சேரவேண்டிய பிள்ளை பத்து வயதை அடையும்வரை பள்ளி வாயிலைக் காணவில்லை. பாடசாலைகளை மூடிவிட்டுப் பிரிவினைக் கல்விக்குப் பொதுப்பணத்தை வழங்குவது சட்டவிரோதமென 1964 மே 25ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின்னரே பொதுப்பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போதும் வெள்ளையருட் பெரும்பாலோர் தனியார் நிலையத்தை விட்டு வரவில்லை.

இதனால் ஒப்பீடு பயனற்றதெனக் கொள்ளுதல் தவறாகும். கொட்டில்களையும் இல்லாத பாடங்களையும் ஒன்றொன்றாக எடுத்துக்காட்டியிராவிடின், சமம் என்னும் சொல் வெறும் சொல்லே என்பதை நீதிமன்றம் ஏற்றிராது. ஆயினும் ஒப்பீடு குறைகளை மட்டும் எண்ணி நின்றால், குறைகளை ஈடுசெய்து அநீதியைப் பேணவும் அது இடந்தரும். 1953இன் புதிய கட்டடம் அத்தகைய ஈடே. அக்கட்டடத்தை அமைக்கப் பணம் ஒதுக்கிய கவுண்டியே, ஆறு ஆண்டுகளில் அதன் கதவுகளையும் மூடச்செய்தது. கொடுக்கவும் பறிக்கவும் வல்ல அதிகாரத்தில் ஒரு சாராருக்குப் பங்கில்லாதவிடத்து, அவர்களுக்குக் கிடைக்கும் வசதி எதுவும் உரிமையாகாது. பாடசாலைகளை ஒப்பிடுவோர் அவற்றில் என்ன உள்ளது என்பதோடு அமையாது, அவற்றைத் திறக்கவும் மூடவும் யாரால் முடியும் என்பதையும் வினவுதல் வேண்டும். இதுவே பிரின்ஸ் எட்வேட் கவுண்டியின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.