ஒரே பெயர், இரண்டு வம்சம்: வேட்டை நாய்களின் கதையும் நமக்கான பாடமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. தேநீரோடு ஆறுதலாக வாசியுங்கள்.

நாயைப் பற்றி எழுதுகிறோம் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு நாயின் எச்சில் கடும் நஜீஸ் என்பது சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்த பாடம். அதனால் நம் வீடுகளில் நாய் வளர்ப்பு குறைவு. ஆனாலும் நாய் நம் வாழ்க்கைக்கு வெளியே இல்லை. உக்குவளை, ரத்தோட்டை, கலேவெலப் பக்கம் மிளகுத் தோட்டமும் வயலும் வைத்திருப்போர் பன்றிக்கும் குரங்குக்கும் பயந்து காவலுக்கு நாய் வைக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த தேடுதல்களில் நம்மில் பலர் மோப்ப நாய்களை முதன்முதலாக மிக அருகில் கண்டோம். அந்த நாட்களின் கசப்பு இன்னும் போகவில்லை. அந்த நாய்கள் எங்கிருந்து வந்தவை, எதற்காக வளர்க்கப்பட்டவை என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவுமில்லை.

இப்போது நம் தம்பிமார் சிலர் தோட்டக் காவலுக்கென்று லெப்ரடோர் குட்டி தேடுகிறார்கள். விலை கேட்கிறார்கள், நிறம் கேட்கிறார்கள், பத்திரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. அது என்னவென்று விளங்க 160 வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

துப்பாக்கியோடு வேலை செய்த நாய்கள்

பறவை வேட்டையில் நாய்க்கு மூன்று வேலை. பறவை எங்கே பதுங்கியிருக்கிறது என்று மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்டுவது ஒன்று. பொயின்டரும் செட்டரும் அதற்கானவை. புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடுவது இரண்டாவது. அது ஸ்பானியலின் வேலை. சுடப்பட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் மென்மையாகக் கவ்விக் கொண்டுவருவது மூன்றாவது. அது ரிட்ரீவரின் வேலை. பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவியபோது ஒரே நாளில் நிறையப் பறவைகளைச் சுட முடிந்தது. விழுந்ததைத் தேடி எடுக்கும் ரிட்ரீவருக்கு மதிப்புக் கூடியது.

அந்தக் காலத்தில் நல்ல நாய் எது என்று யாரும் அளவுகோலோடு வந்து பார்க்கவில்லை. வயலில் வேலை செய்தால் நல்ல நாய். அதிலிருந்துதான் குட்டி எடுப்பார்கள்.

1859 ஜூன் மாதம் நியூகாசில் நகர மண்டபத்தில் ஒரு போட்டி நடந்தது. முறையான முதல் நாய்க் கண்காட்சி என்று வரலாறு அதைத்தான் குறிப்பிடுகிறது. பொயின்டரும் செட்டரும் மட்டும், மொத்தம் 60 நாய்கள். பரிசு துப்பாக்கி. கொடுத்தவர் உள்ளூர்த் துப்பாக்கி வியாபாரி. அதிலே ஒரு வேடிக்கை: செட்டர்களில் வென்ற நாய் பொயின்டர் நடுவருடையது, பொயின்டர்களில் வென்ற நாய் செட்டர் நடுவருடையது! முதல் நாளிலேயே கதை அப்படித்தான் தொடங்கியது.

மண்டபத்துக்குள் நிற்க வைத்துப் பார்த்தால் நாயின் மூக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி அவர்களுக்கும் வந்தது. 1865இல் பெட்ஃபோர்ட்ஷயரில் சவுத்ஹில் என்ற இடத்தில் முதல் வயற்போட்டி நடந்தது. அங்கே நாய்கள் வயலில் ஓடி, பறவையைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். ஆக, ஆறே வருடத்துக்குள் இரண்டு பரீட்சைகள் உருவாகிவிட்டன. ஒன்று தோற்றத்துக்கு, மற்றது வேலைக்கு.

1873இல் கென்னல் கிளப் அமைந்தது. வம்சாவளிப் பதிவேடு வந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் தலை இப்படி, காது இப்படி, வால் இப்படி என்று எழுத்தில் விதி வந்தது. ரயில் பாதைகள் நாடெங்கும் ஓடியதால் நாயை ஊரூராகக் கண்காட்சிக்குக் கொண்டு போகவும் முடிந்தது. 1891இல் க்ரஃப்ட்ஸ் கண்காட்சி தொடங்கியது.

லெப்ரடோரின் வழி

லெப்ரடோரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு கடலில் வேலை செய்த நாய்கள். மீன் கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தன. மால்ம்ஸ்பரி பிரபு குடும்பம் அவற்றைப் பேணியது. 1880களில் அங்கிருந்து ஸ்கொட்லாந்தின் பக்ளூ கோமகனுக்கு நாய்கள் போயின. இன்றைய லெப்ரடோரின் அடித்தளம் அதுதான். 1903இல் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது.

ஆரம்பத்தில் ஒரே நாய் இரண்டு மேடையிலும் நின்றது. சீமாட்டி லோர்னா ஹவ் வளர்த்த பேங்கரி போலோ என்ற நாய் கண்காட்சியிலும் வயலிலும் சாம்பியன். லெப்ரடோரில் முதல் இரட்டைச் சாம்பியன் அதுவே. அதன் பிறகும் சில வந்தன. ஆனால் பிரிட்டனில் அந்த இரட்டைப் பட்டம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு லெப்ரடோருக்கு நின்றுபோனது. இரண்டையும் வெல்லும் நாய் அதன் பிறகு அங்கே பிறக்கவில்லை.

இன்று இரண்டு வம்சத்தையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கண்காட்சி லெப்ரடோர் அகன்ற தலை, பீப்பாய் போன்ற நெஞ்சு, தடித்த உடம்பு. வேலை லெப்ரடோர் ஒல்லி, நீண்ட கால், ஓயாத வேகம். ஸ்பிரிங்கர் ஸ்பானியலில் இடைவெளி இன்னும் பெரிது. கண்காட்சி வம்சத்துக்குக் கனத்த உடம்பும் தொங்கும் நீண்ட காதும். வேலை வம்சம் சின்ன உடம்பு, குட்டைக் காது. தெரியாதவர் பார்த்தால் இரண்டும் வேறு இனம் என்றே சொல்வார். பத்திரத்தில் மட்டும் ஒரே பெயர்.

கென்னல் கிளப்பே இதை மறைமுகமாக ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் துப்பாக்கி வேட்டை இனங்களில் கண்காட்சியில் மட்டும் வென்ற நாய்க்குக் 'கண்காட்சிச் சாம்பியன்' என்ற பட்டம்தான். முழுச் சாம்பியனாக வேண்டுமென்றால் வயலிலும் தகுதி காட்ட வேண்டும்.

ஏன் பிரிந்தது?

யாரும் திட்டமிட்டுப் பிரிக்கவில்லை. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அது அடுத்த தலைமுறையில் கூடும். எதைப் பார்க்காமல் விடுகிறோமோ அது மெல்ல மெல்லக் குறையும். மூக்கின் கூர்மை, சொல் கேட்கும் குணம், களைக்காமல் நாள் முழுக்க வேலை செய்யும் மனசு எல்லாம் வளையத்துக்குள் சில நிமிடம் சுற்றி வரும்போது தெரியாது. தெரியாததற்குப் பரிசும் இல்லை. பதிவேடும் மூடியது, வெளி இரத்தம் உள்ளே வராது. பத்து இருபது தலைமுறை போதும்.

அதற்காகக் கண்காட்சிக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. வயற்போட்டியும் ஒரு போட்டிதான். அங்கே வேகமும் பாய்ச்சலும் நடுவரின் கண்ணைப் பிடிக்கும். அதனால் வேலை வம்சத்திலும் சில நாய்கள் சாதாரண வேட்டைக்காரரால் சமாளிக்க முடியாத அளவுக்குச் சூடேறியவையாக வந்துவிட்டன என்று அந்தத் துறையினரே குறைப்படுவதுண்டு. வேலையைச் சோதிக்க வைத்த பரீட்சையும் காலப்போக்கில் தானே ஒரு கண்காட்சி ஆகலாம்.

நம் பக்கத்துக் கதை

இது நமக்கு அந்நியமான கதையல்ல. மாத்தளையில் வீர புரன் அப்புவின் கிளர்ச்சி நடந்த அதே 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறினார். நாய்களோடு மரை வேட்டையாடியவர். 1854இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவருடைய கூட்டத்தில் தூய இனமும் கலப்பும் ஒன்றாக ஓடின. நம் மலைக்காட்டில் எது தாக்குப் பிடிக்கிறதோ அதுதான் அவருக்கு நல்ல நாய். இங்கிலாந்தில் கண்காட்சி தொடங்க இன்னும் பல வருடம் இருந்தது.

தமிழ்நாட்டின் ராஜபாளையம் நாயைப் பாருங்கள். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் இருந்த நாய். முழு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று ஆன பிறகு மற்ற நிறக் குட்டிகளுக்கு மதிப்பில்லை. அந்த வெள்ளையோடு காது கேளாமையும் அந்த வம்சத்தில் சேர்ந்து வந்தது. 1972இல் இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்றதும் வேலைப் பரீட்சையும் போய்விட்டது. 2005இல் தபால் முத்திரையில் இடம் கிடைத்தது. காது கேளாத காவல் நாய்க்கு முத்திரை என்ன செய்யும்?

நமக்குப் பக்கத்திலேயே கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்ப் பிரிவு இருக்கிறது. வெடிபொருளும் போதைப்பொருளும் தேட உலகெங்கும் லெப்ரடோரையும் ஸ்பானியலையும் பயன்படுத்துகிறார்கள். பறவையைத் தேட வளர்த்த மூக்கு இன்று வேறொன்றைத் தேடுகிறது. அந்த வேலைக்குக் கண்காட்சிப் பதக்கம் உதவாது.

நம் மார்க்கம் கேட்ட கேள்வி

இங்கேதான் எங்களுக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவது ஹலால் என்று ஸூரத்துல் மாஇதாவின் 4ஆவது வசனம் அனுமதிக்கிறது. அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் இதுபற்றிக் கேட்ட ஹதீஸும் புகாரியில் இருக்கிறது. அதை வைத்து இமாம்கள் நிபந்தனை வகுத்தார்கள்: ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தான் தின்னக் கூடாது. அதுவும் ஒரு தடவை போதாது, திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும்.

நாயின் நிறம் என்ன, தாய் தகப்பன் யார், காது எவ்வளவு நீளம் என்ற கேள்வி அந்த நிபந்தனைகளில் இல்லை. கற்றதைச் செய்து காட்டுகிறதா என்பது மட்டும்தான். கற்ற நாய்க்கும் கல்லாத நாய்க்கும் சட்டத்திலேயே வித்தியாசம் வைத்த மார்க்கம் நம்முடையது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது சுடும் பாடம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் புள்ளிகளும் பெயர்ப்பலகையில் பிள்ளையின் படமும் நம் கண்காட்சி வளையம். வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளை ஆறாம் தரத்தில் தானாக ஒரு பந்தி எழுத முடிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பரீட்சை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரீட்சை எதைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். பார்க்காததெல்லாம் பிள்ளையிலும் குறையும்.

குட்டி தேடும் தம்பிமாருக்கு

முதலில், லெப்ரடோர் காவல் நாய் அல்ல. கவ்வியதை நசுக்காத மென்வாய்க்கும் மனிதரோடு இணங்கும் குணத்துக்கும் வளர்க்கப்பட்டது. மிளகுத் தோட்டத்துக்கு வரும் பன்றியிடம் அதை அனுப்புவது பாவம். நாட்டு நாய் ஒன்று நம் வெயிலுக்கும் மழைக்கும் அதைவிடப் பொருத்தம்.

இரண்டாவது, எந்த நாயானாலும் தாயும் தகப்பனும் என்ன வேலை செய்தன, செய்வதை நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். பத்திரத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.

மூன்றாவது, விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வேலைக்கு உதவாது என்று கண்டதும் சந்தியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நாம் எல்லோரும் மிம்பரில் கேட்டிருக்கிறோம்.

கலேவெல, உக்குவளைப் பக்கத்தில் பழைய காலத்து வேட்டை நாய், காவல் நாய் பற்றிய கதை தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவும் வரலாறுதான்.

வஸ்ஸலாம்.