இருப்பதும் இயங்குவதும்: நின்றுபோன ப்ராசஸைக் கண்டறியும் முறைகளின் வரலாறு

சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ப்ராசஸ் நின்றுவிட்டது என்பதற்கு யார் சாட்சி? கண்காணிப்பு மென்பொருளின் வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்தே படித்துவிடலாம். எளிய ஸ்கிரிப்டில் தொடங்கி குபர்நெட்டிஸில் வந்து நிற்கும் ஏறுமுகமாகத்தான் அதை வழக்கமாகச் சொல்கிறார்கள். நடந்தது வேறு. யூனிக்ஸ் தொடக்கத்திலேயே சரியாகச் செய்த ஒன்று இடையில் கைவிடப்பட்டது. நெடுங்காலம் ஊகத்தை வைத்தே ஓட்டிவிட்டு, பிறகுதான் மெல்ல அதற்குத் திரும்பினார்கள்.

யூனிக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு தாய் ப்ராசஸ் உண்டு. பிள்ளை முடிந்துபோனால் கெர்னலே தாய்க்குத் தெரிவிக்கும். எந்தக் குறியீட்டோடு முடிந்தது என்பதும் 'வெயிட்' அழைப்பில் கிடைத்துவிடும். தேட வேண்டியதில்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை. முதல் ப்ராசஸான 'இனிட்' முனையங்களை இப்படித்தான் பார்த்துக்கொண்டது: ஒருவர் லாகவுட் செய்ததும் அங்கே புதிய 'கெட்டி' எழும். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் 'இனிட்டேப்' கோப்பில் 'ரீஸ்பான்' என்று எழுதினால் எந்த நிரலுக்கும் இந்த வசதி கிடைத்தது. பின்னாளில் லினக்ஸின் இனிட் இதற்கு ஒரு வரம்பும் வைத்தது. 2 நிமிடத்தில் 10 முறைக்கு மேல் எழுப்ப வேண்டியிருந்தால், அடுத்த 5 நிமிடத்துக்கு அந்த நிரலைத் தொடாது.

'டீமன்' வழக்கம் இந்த உறவை அறுத்தது. பின்னணியில் ஓட வேண்டிய நிரல் இரண்டு முறை ஃபோர்க் ஆகி, தன்னைத் தொடங்கியதிடமிருந்து வேண்டுமென்றே பிரிந்துபோகும். இனிட் அதைத் தத்தெடுக்கும். ஆனால் செத்தால் அடக்கம் செய்வதோடு சரி, மறுபடி எழுப்பாது. அதனால் நிர்வாகிகள் தடயங்களை நம்ப வேண்டியதாயிற்று. டீமன் தன் ப்ராசஸ் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த எண்ணுக்குப் பூஜ்ய சிக்னல் அனுப்பி, ஆள் இருக்கிறதா என்று பார்க்கும். டீமன் திடீரென்று செத்தால் கோப்பு அப்படியே கிடக்கும். லினக்ஸில் ப்ராசஸ் எண்களின் வழக்கமான உச்சவரம்பு நெடுங்காலம் 32,768 ஆக இருந்தது. எண்கள் ஒரு சுற்று வந்து அதே எண் வேறொரு நிரலுக்குப் போய்விட்டால், செத்த டீமன் உயிரோடிருப்பதாக ஸ்கிரிப்ட் சத்தியம் செய்யும். 'பிஎஸ்' பட்டியலை 'கிரெப்' கொண்டு தேடுவது இன்னும் வேடிக்கை. தேடும் பெயர் கிரெப் கட்டளையிலேயே இருப்பதால், அது தன்னையே கண்டுபிடித்துக்கொண்டு வரும். இதைத் தவிர்க்கப் பெயரின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடும் தந்திரம் இன்றும் பலர் கைவசம் இருக்கிறது.

இந்தச் சோதனைகள் பிழையின்றி நடந்தாலும் பதில் அரைகுறைதான். முடிவுக் குறியீட்டைத் தாய் வாங்காததால் பட்டியலில் தொங்கும் 'ஜாம்பி', பூஜ்ய சிக்னலுக்கு உயிருள்ள ப்ராசஸ் போலவே தெரியும். நிறுத்தச் சிக்னலால் உறைந்துபோன ப்ராசஸுக்காவது பிஎஸ் பட்டியலின் நிலைப்பத்தியில் 'டி' என்ற எழுத்து வரும். டெட்லாக்கில் மாட்டியதற்குப் பெரும்பாலும் வருவது 'எஸ்', அதாவது வேலைக்காகக் காத்திருக்கும் ஆரோக்கியமான ப்ராசஸுக்கும் வரும் அதே எழுத்து.

இருப்பை விட்டுவிட்டு இயக்கத்தைக் கேட்கும் மரபு வேறிடத்தில் வளர்ந்தது. அப்போலோ விண்கலக் கணினியில் 'இரவுக் காவலாளி' என்றொரு சுற்று இருந்தது. மென்பொருள் குறிப்பிட்ட ஒரு நினைவக முகவரியைக் குறித்த நேரத்துக்குள் தொடவில்லையென்றால் அது கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். 1976-இல் வந்த டேண்டம் நான்ஸ்டாப் கணினிகளில், ஒவ்வொரு ப்ராசஸரும் 'உயிரோடிருக்கிறேன்' என்ற செய்தியை மற்றவற்றுக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த மரபின் வலுவை 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரில் பார்க்கலாம். அதன் மென்பொருளில் எந்தப் பணியும் சாகவில்லை. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தரவைப் பகிரும் முக்கியப் பணி அதற்காகக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் புகுந்து வானிலைப் பணியை ஓடவிடாமல் செய்தன. நொடிக்கு 8 சுற்றாக நடந்த வேலையில், முந்தைய சுற்று முடிந்ததா என்று பார்க்கும் பணி 'இல்லை' என்று கண்டதும் கணினியையே ரீசெட் செய்தது. பூட்டில் முன்னுரிமை மரபேற்றம் என்ற அமைப்பைப் பூமியிலிருந்து இயக்கி இதைச் சரிசெய்தார்கள். அந்தப் பணி பார்த்தது பெயரை அல்ல, முடிந்த வேலையை.

வணிக சர்வர்களில் இந்த இடத்துக்கு வெளியாள் வந்தார். ஈதன் கேல்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட கண்காணிப்பு மென்பொருளான நெட்செயின்ட், 2002-இல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. ப்ராசஸை எண்ணுவதும் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பதும் அதில் தனித்தனி பிளகின்கள். ஒருமுறை தவறியதும் அலறாமல், சில முறை திரும்பப் பார்த்த பிறகே செயலிழப்பை உறுதிசெய்யும் அதன் முறைக்கு ஆழமான காரணம் உண்டு. செய்தி வந்துசேர நேர வரம்பில்லாத கட்டமைப்பில் செத்ததையும் தாமதிப்பதையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. துஷார் சந்திராவும் சாம் டூக்கும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, தவறிழைக்கும் கண்டறிவானைக் கொண்டும் எந்த நிபந்தனைகளில் ஒருமித்த முடிவுக்கு வரலாம் என்று வகுத்துக் காட்டியது.

தாய்–பிள்ளை உறவுக்குத் திரும்பும் முயற்சியை டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் டீமன்டூல்ஸ் முன்னெடுத்தது. நிரல் பின்னணிக்குப் போகாமல் 'சூப்பர்வைஸ்' என்ற தாயின் கீழேயே ஓட வேண்டும் என்பது அதன் கண்டிப்பு. 2010-இல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்டி இதைப் பொதுவழக்காக்கியது. எத்தனை முறை ஃபோர்க் ஆனாலும் கெர்னலின் சி-குரூப் வலையிலிருந்து ப்ராசஸ் நழுவ முடியாது. வாட்ச்டாக் வசதி இதயத்துடிப்பையும் சேர்த்துக் கேட்கிறது. குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் ப்ராசஸை நிறுத்திவிடுகிறது. ஆனால் துடிப்பை அனுப்பவென்றே தனி த்ரெட் வைப்பவர்கள் இருக்கிறார்கள். முக்கிய வேலை டெட்லாக்கில் கிடக்க, துடிப்பு மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். என் பார்வையில் அது கண்காணிப்பே இல்லை.

குபர்நெட்டிஸின் லைவ்னெஸ் சோதனை இரு மரபுகளையும் இணைக்கிறது. தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால் 10 நொடிக்கொரு முறை கேட்கும். 1 நொடிக்குள் பதில் வர வேண்டும். தொடர்ந்து 3 முறை தவறினால் கன்டெய்னர் மறுதொடக்கம். கூட்டம் நெரியும் வேளையில் பதில் தாமதமானாலும் இதே தண்டனைதான். அந்தக் கன்டெய்னரின் சுமை மற்றவற்றின் தலையில் விழுந்து அவையும் வரிசையாகச் சாகும். சோதனைக்குள் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கோ, டேட்டாபேஸ் நின்ற அன்று நலமாயிருக்கும் அப்ளிகேஷன்களும் சேர்ந்து விழும். போக்குவரத்தை மட்டும் நிறுத்திவைக்கும் ரெடினெஸ் சோதனை தனியே இருப்பது இதற்காகத்தான். எழுந்து நிற்கவே நேரமெடுக்கும் அப்ளிகேஷன்கள், தொடங்கும்போதே கொல்லப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கான ஸ்டார்ட்அப் சோதனை 2020 இறுதியில் வந்த 1.20 பதிப்பில்தான் நிலையான வசதியானது.